திறந்து வைத்த குழாய்

எங்கள் கடலூர் முதுநகரில் காய்ந்து கிடக்கும் குழாயை யாரும் மூடி வைக்க மாட்டார்கள். முனிசிபாலிட்டித் தண்ணீர் தன் இஷ்டத்துக்கு வரும். அது வரும் நேரத்தில் நாம் அடுப்படியில் இருப்போம், இல்லாவிட்டால் தூங்கிக்கொண்டிருப்போம். அதனால் குழாயைத் திறந்துவிட்டு அடியில் ஒரு குடத்தை வைத்துவிட்டு அவரவர் வேலையைப் பார்ப்போம். முதலில் காற்று வரும். குழாய் நாலு தடவை இருமும். பிறகு குடத்தில் தடதடவென்று விழும், தெருவே எழுந்து ஓடும். மூடி வைத்த குழாய் யாரையும் கூப்பிடாது என்பார் என் மாமியார். கல்யாணமாகி வந்த முதல் வாரத்திலேயே நானும் அப்படிப் பழகிவிட்டேன்.

நல்ல பழக்கம்தான். வீட்டில் ஆள் இருக்கிற வரைக்கும்.

என் பெயர் சௌந்தரம். எனக்கு மூக்கு மேல் கோபம் என்று இந்தத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். சுத்தப் பொய். கோபம் மூக்கு மேல் இருந்தால் நானே பார்த்துத் தட்டிவிடுவேனே. அது நாக்கு நுனியில் இருக்கிறது. பேசி முடித்த பிறகுதான் எனக்கே தெரிகிறது.

மாமனார் கட்டிய வீடு. மாடியில் நானும் என் வீட்டுக்காரர் இளவரசுவும் இருக்கிறோம். கீழே அவர் தம்பி செம்பியனும் அவன் பெண்டாட்டி கலைமணியும். செம்பியன் லாரி ஓட்டுகிறான். பண்ருட்டியில் முந்திரி லோடு ஏற்றிக்கொண்டு போனால் திரும்ப இரண்டு மூன்று நாளாகும். கலைமணி வீட்டிலிருந்தே ஆரி வேலை செய்கிறாள். கட்டில் அகலத்துக்கு ஒரு மரச்சட்டம், அதில் ஜாக்கெட் துணியை இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் ஜரியும் மணியும் வைத்துத் தைப்பாள். இப்போது எந்தக் கல்யாணப் பெண்ணும் ஆரி ஜாக்கெட் இல்லாமல் மணவறையில் உட்காருவதில்லை. கைவேலை சுத்தம், பேச்சு கம்மி. எனக்கு நேர் எதிர்.

அவள் வேலை செய்யும் அறை சரியாக என் சமையலறைக்குக் கீழே இருக்கிறது. என் தொட்டிக் குழாய் தளத்தைத் துளைத்துக்கொண்டு அவள் அறை மூலை வழியாகத்தான் இறங்குகிறது. குழாயைச் சுற்றி ஒரு விரல் போகிற அளவுக்கு இடைவெளி. மேலே தரையில் தண்ணீர் நின்றால் கீழே அவளுக்கு மழை. சிமெண்ட் வைத்து அடைக்க வேண்டும் என்று நாலு வருஷமாகப் பேசிக்கொண்டிருக்கிறோம். பேச்சு மட்டும் நன்றாகவே நடக்கிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிளம்பர் ஆரோக்கியராஜ் மொட்டை மாடி டேங்கைச் சுத்தம் பண்ண வந்தபோது, மாடி லைனுக்கும் கீழ் லைனுக்கும் ஆளுக்கொரு வால்வு இருப்பதைக் காட்டினார். நம்மூர் போர் தண்ணீர் உப்பு, திருப்பாமலே விட்டால் இறுகிக்கொள்ளும், மாசம் ஒரு தடவை மூடித் திறந்து இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள், அவசரத்துக்குக் கைகொடுக்கும் என்றார். பக்கத்தில் கலைமணி டீ டம்ளரோடு நின்றிருந்தாள். வால்வுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்ட வேண்டுமாம், அடுத்த வருஷம் காது குத்தச் சொல்வார் போலிருக்கிறது என்று நான் சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள். எனக்கும் அத்தோடு மறந்துபோனது. போன பொங்கலுக்குப் பெயின்ட் அடித்தவன், குழாய் வால்வு என்று பார்க்காமல் எல்லாவற்றின் மேலும் நீல எனாமலைத் தடித்தடியாகப் பூசிவிட்டுப் போனான். பார்க்க லட்சணமாகத்தான் இருந்தது.

எங்களுக்குள் சண்டை வந்ததும் தண்ணீரால்தான். மோட்டார் சுவிட்ச் என் வீட்டுக்குள் இருக்கிறது. போட்டால் எனக்கு அணைக்க மறந்துவிடும். டேங்க் வழிந்து கீழே அவள் வாசலில் கொட்டும். என் வீட்டு மாற்றுச் சாவி அவள் கதவுக்குப் பின்னால் ஒரு ஆணியில் தொங்கும். நான் இல்லாத நேரத்தில் வழிந்தால் அவள் மேலே வந்து மோட்டாரை அணைத்து, திறந்து கிடக்கும் குழாயையும் மூடிவிட்டுப் போவாள். மாசி மாதம் ஒரு நாள், மகளிர் குழுவில் இருந்து ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். என் சமையலறையில் கலைமணி நிற்கிறாள். என்னம்மா சௌந்தரம், வீட்டுக்குச் சொந்தக்காரி யாரு என்று கூட்டத்தில் ஒருத்தி விளையாட்டாகக் கேட்டாள். போதாதா எனக்கு.

"எங்கூட்ல எத மூடணும் எதத் தொறக்கணும்னு எனக்குத் தெரியும். சாவியக் குடு."

எல்லார் முன்னாலும் சொன்னேன். கலைமணி சாவியை மேடையில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அன்றிலிருந்து எங்கள் பேச்செல்லாம் எங்கள் வீட்டுக்காரர்கள் மூலமாகத்தான். படியில் எதிரே வந்தால் அவள் ஒதுங்கிக்கொள்வாள். போய் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்று தோன்றாமல் இல்லை. வீம்பு விடவில்லை.

இதற்கிடையில் சிதம்பரத்தில் என் அண்ணன் கலியமூர்த்தியின் மகள் கனிமொழிக்கு ஆவணியில் கல்யாணம் நிச்சயமானது. அவள் என்ன பண்ணினாள் தெரியுமா? முகூர்த்த ஜாக்கெட்டை என்னைக் கேட்காமலே கலைமணியிடம் கொடுத்துவிட்டாள். ஊரில் வேறு ஆளே இல்லையா என்று போனில் கேட்டேன். "ஒங்க சண்டைக்கு என் ஜாக்கெட் என்ன அத்தை பண்ணும்?" என்றாள். அரக்குக் கலர் காஞ்சிபுரப் பட்டு. ஜாக்கெட் துணி அந்தச் சேலையிலிருந்தே வெட்டி எடுத்தது. கெட்டுப்போனால் அதே நெசவில் இன்னொன்று கிடைக்காது. அரக்குச் சாயம் தண்ணீர் பட்டால் ஓடும் என்று கடைக்காரர் பத்துத் தடவை சொல்லி அனுப்பியிருந்தார். அந்தத் துணிதான் என் சமையலறைக்கு நேர் கீழே சட்டத்தில் கட்டிக் கிடந்தது.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அதற்கு முந்தின புதன்கிழமை சிதம்பரத்தில் நலங்கு. அத்தைக்காரி நான்தான் முதலில் மஞ்சள் பூச வேண்டும். அன்றைக்கென்று எங்கள் பக்கம் காலையிலேயே கரண்ட் கட். பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும்போதே டேங்க் காலியாகிவிட்டது. மோட்டார் சுவிட்சைப் போட்டேன், கரண்ட் இருந்தால்தானே. சரி, வரும்போது தானாக ஏறட்டும் என்று சுவிட்சை அப்படியே விட்டேன். தண்ணீர் வந்தால் சத்தம் கேட்கட்டும் என்று சமையலறைக் குழாயையும் திறந்தே வைத்தேன். தொட்டியின் ஓட்டை மேல் ஒரு சாப்பாட்டுத் தட்டு குப்புறக் கிடந்தது. அந்த நேரத்தில் அண்ணன் போன் பண்ணி, மதியத்துக்கு மேல் ராகு காலம், நலங்கை முன்னாலேயே வைத்துவிடலாம், சீக்கிரம் வா என்றார். புடவையைச் சுற்றிக்கொண்டு, கதவைப் பூட்டிக்கொண்டு, பஸ்ஸைப் பிடித்து ஓடினேன். குழாயும் சுவிட்சும் என் நினைவிலேயே இல்லை.

அண்ணன் வீட்டில் கனிமொழியை மனையில் உட்கார வைத்திருந்தார்கள். சொந்தக்காரர்கள் ஹாலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். நான் மஞ்சளைக் குழைத்து அவள் வலது கன்னத்தில் பூசினேன். இடது கன்னத்துக்குக் கையைக் கொண்டுபோகும்போது, கொல்லைப்புறக் குழாய் இருமியது.

ஒரு தடவை. இரண்டு தடவை. பிறகு குடத்தில் தடதடவென்று தண்ணீர் விழுகிற சத்தம். தண்ணி வந்துடுச்சு என்று இரண்டு பேர் ஓடினார்கள். என் கை அந்தரத்தில் நின்றது. என் வீட்டுக் குழாய், மோட்டார் சுவிட்ச், தொட்டியில் கவிழ்ந்து கிடக்கும் தட்டு, எல்லாம் கண்ணெதிரே வந்தது. கரண்ட் இந்நேரம் வந்திருக்கும்.

மஞ்சள் கையோடு போனை எடுத்தேன். என் வீட்டுக்காரர் செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறார். உள்ளே போகும்போது போனைக் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். செம்பியன் லாரியோடு எந்த ஊரில் இருக்கிறானோ. மீதி ஒரே ஒரு ஆள்தான். மாசியிலிருந்து நான் தொடாத நம்பர்.

முதல் தடவை மணி அடித்து அடித்து ஓய்ந்தது. எடுக்க மாட்டாள், நான் பேசிய பேச்சுக்கு ஏன் எடுக்க வேண்டும் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. இரண்டாவது தடவை எடுத்தாள்.

"சொல்லுங்க."

முன்பெல்லாம் வாய்க்கு வாய் வரும் அக்கா இல்லை. வெறும் சொல்லுங்க. சுருக்கென்றது. ஆனால் அதற்கெல்லாம் நேரமில்லை. மோட்டார், குழாய், தட்டு என்று எனக்கே புரியாத மாதிரி கொட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். ஏற்கெனவே சொட்டிக்கொண்டிருக்கிறது என்றாள். அதனால்தான் முதல் போனை எடுக்கவில்லையாம். குழாய் ஓரமாக இறங்கி, சட்டத்துக்கு ஒரு சாண் தள்ளி விழுகிறதாம். குடையை விரித்துத் துணி மேல் வைத்திருக்கிறாள். சட்டத்தை ஒருத்தியாகத் தூக்க முடியாது, தூக்கினாலும் வாசல்படியைத் தாண்டாது, அறைக்குள்ளேயே பூட்டிய சட்டம். அவசரமாகத் துணியைப் பிரித்தால் பாதியில் நிற்கும் ஜரி மொத்தமும் சுருங்கிவிடும்.

"என்னா அத்தை? என் ஜாக்கெட்டா?" என்றாள் கனிமொழி. ஒரு கன்னத்தில் மஞ்சளோடு மனையிலிருந்து எழுந்தே நின்றுவிட்டாள். அவளுக்கு என் முகத்தைப் பார்த்தே தெரிந்திருக்கும்.

படிக்கட்டுக்குக் கீழே மீட்டர் பெட்டி இருக்கிறது, மாடி மெயினை இறக்கு என்று கலைமணியிடம் சொன்னேன். செருப்புச் சத்தம் கேட்டது. டப்பென்று ஒரு சத்தம். மோட்டார் நின்றுவிட்டது என்றாள். ஆனால் மோட்டார் நின்றால் மட்டும் போதுமா? டேங்க் அந்நேரத்துக்குப் பாதிக்கு மேல் ஏறியிருக்கும். அத்தனையும் திறந்த குழாய் வழியாக அவள் தலையில்தான் இறங்கும். மொட்டை மாடிக்கு வெளிப்படி வழியாகவே போகலாம். ஆனால் அந்த வால்வு? கட்டின நாளிலிருந்து யாரும் திருப்பாத வால்வு. உப்பில் இறுகி, மேலே நீல எனாமலும் பூசி, கல் மாதிரி உட்கார்ந்திருக்கும். அதை ஆறு ஆம்பிளை சேர்ந்தாலும் அசைக்க முடியாது.

"கலை, எங்கூட்டுப் பூட்ட ஒடைச்சுடு. சுத்தி எடுத்தாந்து ஒடை. உள்ள போயி பைப்ப மூடு." சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. சாவியைப் பிடுங்கிக்கொண்ட வாய், பூட்டை உடைக்கச் சொல்கிறது. ஹாலே என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பூட்டெல்லாம் ஒடைக்க வேணாம்," என்றாள். "லைன்லயே இருங்க."

படியேறுகிற சத்தம். மூச்சிரைப்பு. காக்கை ஒன்று கத்தியது. கொடியில் காய்கிற துணி காற்றில் படபடத்தது. பிறகு போனை எங்கோ வைத்துவிட்டாள் போலிருக்கிறது, ஒன்றும் கேட்கவில்லை. நான் தில்லை காளியம்மனுக்கு வேண்டிக்கொண்டேன். அம்மா தாயே, அந்தத் துணியைக் காப்பாற்று, நான் வாயைக் கட்டிக்கொள்கிறேன் என்றேன். காளியம்மன் அதை நம்பியிருக்க மாட்டாள்.

"மூடிட்டன்."

"எத?"

"வால்வத்தான்."

"எப்புடி?"

"வலது கைப் பக்கமா திருப்புனேன்," என்றாள். "இருங்க, கீழ போயி பாத்துட்டு சொல்றன்."

அதற்குப் பிறகு அவள் பேசியது எனக்கு முழுதாகக் காதில் ஏறவில்லை. சொட்டு குறைந்திருக்கிறது, குடை மேல் நாலைந்து விழுந்திருக்கிறது, சட்டத்தின் ஓரத்தில் பருத்தித் துணியில் ஒரே ஒரு ஈரம், பட்டில் ஒன்றுமில்லை, ஜரி பொருத்தம் பார்க்கக் கொடுத்த சேலை பீரோவில் பத்திரமாக இருக்கிறது. நான் அப்படியே தரையில் உட்கார்ந்தேன். கனிமொழி என் கையிலிருந்த போனை வாங்கி, கலை அத்தை, நல்லா இருக்குதா, நெஜமா நல்லா இருக்குதா என்று மூன்று தடவை கேட்டுவிட்டு, வந்து மனையில் உட்கார்ந்து மறு கன்னத்தைக் காட்டினாள். பூசிவிட்டேன். என் கண்ணீரும் கொஞ்சம் மஞ்சளில் கலந்திருக்கும். அண்ணன், ஏம்மா சௌந்தரம், சிதம்பரத்துக்கு வந்தும் கடலூர்ல தண்ணி புடிக்கிறியே என்றார். எல்லாரும் சிரித்தார்கள். வேறொரு நாளாக இருந்தால் அவரை ஒரு வழி பண்ணியிருப்பேன்.

சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து உட்கார வைத்தார்கள். வடை பாயசம் எதிலும் மனசு போகவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அந்த வால்வையே நினைத்துக்கொண்டு வந்தேன். கலைமணிக்கு என்ன பெரிய பலம்? அரிசி மூட்டையை நகர்த்தவே செம்பியனைக் கூப்பிடுகிறவள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், என் கதவுக்கு அடியிலிருந்து வழிந்த தண்ணீரைக் கலைமணி படி முழுக்கப் பெருக்கித் தள்ளியிருந்தாள். உள்ளே வாசல் பக்கம் பள்ளமான இடத்தில் மட்டும் தண்ணீர் குளமாக நின்றது. தட்டு தொட்டி ஓட்டையில் அச்சாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. அதை எடுத்து மூலையில் எறிந்தேன். குழாயை மூடினேன். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரை வழித்துத் தள்ளிவிட்டு, ஈரக் காலோடு நேராக மொட்டை மாடிக்கு ஏறினேன்.

கீழ் லைன் வால்வு நீல எனாமலுக்குள் முழுசாக மூழ்கிக் கிடந்தது. என் லைன் வால்வும் நீலம்தான். ஆனால் பிடியும் தண்டும் சேர்கிற இடத்தில் பெயின்ட் வட்டமாகக் கீறி எடுக்கப்பட்டிருந்தது. தண்டு பளபளவென்று இருந்தது. விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். தையல் மிஷின் எண்ணெய் வாசனை.

பிறகு என் வீட்டுக்குள் போய் மாற்றுச் சாவியை எடுத்து, கதவைப் பூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன்.

கலைமணி விளக்கைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டு சட்டத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தாள். மூலையில் வாளி. குடை இன்னும் மடக்காமல் சுவரோரம் இருந்தது. அரக்குப் பட்டில் தங்க ஜரி மாங்காய் மாங்காயாக ஓடியது. கனிமொழி சரியான ஆளிடம்தான் கொடுத்திருக்கிறாள், எனக்குத்தான் சொல்ல மனசு வரவில்லை. வால்வுக்கு எப்போதிலிருந்து எண்ணெய் போடுகிறாய் என்று கேட்டேன். அவள் ஊசியை நிறுத்தவில்லை.

"ஆரோக்கியராஜ் அண்ணன் சொன்ன நாளுலேருந்துதான். மாசா மாசம் மிஷினுக்கு எண்ணெ விடுற அன்னைக்கு அதுக்கும் ரெண்டு சொட்டு. ஒரு தடவ மூடித் தொறந்துட்டு வந்துடுவன்."

"சாவி வாங்குன பொறவுமா?"

"சாவியத்தான வாங்குனீங்க," என்றாள். "மொட்ட மாடிய வாங்கலியே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கீழ் வால்வை ஏன் விட்டுவிட்டாய் என்று கேட்டேன். அவள் வீட்டுக் குழாய்களை அவள் மூடித்தான் வைப்பாளாம், அதனால் அதற்கு அவசியப்படவில்லையாம். வேண்டும் எனக்கு. கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"அன்னைக்கு அத்தினி பேரு முன்னாடி ஒன்ன அப்புடிப் பேசுனது தப்பு, கலை," என்றேன். இதைச் சொல்ல எனக்கு மாசியிலிருந்து ஆவணி வரைக்கும் ஆகியிருக்கிறது. அவள் ஊசியைப் பட்டில் குத்தி நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். நாளைக்கு ஆரோக்கியராஜை வரச்சொல்லி அந்த ஓட்டையை அடைத்துவிடுகிறேன், கீழ் வால்வையும் கீறி விடச் சொல்கிறேன் என்று நானே பேசிக்கொண்டு போனேன். பேசாமல் இருக்க எனக்குத் தெரியாதே.

பேசிக்கொண்டே சாவியை மாட்டுவதற்காகக் கதவைச் சாத்தினேன். அவள் வீட்டில் ஆணி என்று ஒன்று இருந்தால் அது சும்மா இருக்காது. ஒன்றில் நூல்கண்டு, ஒன்றில் அளவு டேப், ஒன்றில் மணிப்பை, அது போதாதென்று ஜன்னல் கம்பியில் வேறு தொங்கும். கதவுக்குப் பின்னால் இருந்த பழைய ஆணியில் மட்டும் எதுவும் இல்லை. இத்தனை மாதமாக அதில் ஒரு நூலைக்கூட அவள் மாட்டவில்லை.

சாவியை மாட்டினேன். திரும்பாமலே நின்றேன்.

"அக்கா," என்றாள் பின்னாலிருந்து. "மோட்டார் சுவிட்ச அணைச்சீங்களா?"

அணைக்கவில்லை. மெயின் இறக்கியிருப்பதால் மறந்தே போயிருந்தேன். நீயே போய் அணைத்துவிட்டு வா என்று சொல்லிவிட்டு, நான் அவள் அடுப்படிக்குள் டீ போடப் போனேன். அவள் ஆணியிலிருந்து சாவியை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறுகிற சத்தம் கேட்டது.